ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு: பெட்ரோல் பற்றிக் கடையில் சொல்லாத விஷயங்கள்

மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வட சென்னையில் எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் சின்ன ஜெனரேட்டர் வந்துவிட்டது. வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர் என்று எங்கே போனாலும் ஒரு பால்கனியிலோ மாடிப்படி வளைவிலோ ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வாங்குகிறவர்கள் எத்தனை கேவிஏ (எவ்வளவு கரண்ட் தரும் என்ற அளவு), எத்தனை ஃபேன் ஓடும், சத்தம் எவ்வளவு வரும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அதற்கான பெட்ரோலை எங்கே வைப்பது, எதில் வைப்பது, எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டவரை நான் பார்க்கவில்லை. விற்கிறவர்களும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. பெட்ரோலும் இருந்தது. அப்படி இருந்தும் என் மாமியாரை மீன்பாடி வண்டியில் (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) படுக்கவைத்துத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது, அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அத்தைக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. விறகடுப்புப் புகையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். சிஓபிடி, அதாவது மூச்சுத் திணறவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று டாக்டர் சொன்னார். ஒரு நாளில் குறைந்தது பதினைந்து மணி நேரம், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். அதற்காக வீட்டிலேயே கான்சன்ட்ரேட்டர் மிஷின் வைத்திருக்கிறோம். அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் கரண்ட் இல்லையென்றால் அதுவும் இல்லை. என் கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். வீட்டில் நானும் அத்தையும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்த இரவு இன்வெர்ட்டர் பேட்டரி இறங்க இறங்க நான் பட்ட பயத்தில், பொங்கல் முடிந்த கையோடு 1 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை 38,500 ரூபாய்க்கு வாங்கினோம். கொண்டுவந்து இறக்கியவர் டேங்கை நிரப்பி, ஒரு 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனிலும் பெட்ரோல் வைத்துவிட்டு, "எப்பவும் ஃபுல்லா வச்சிக்கோங்கம்மா, கரண்ட் போச்சுன்னா ஒரே இழு, ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். மொட்டைமாடிப் படிக்கட்டு அறையில் இரண்டையும் வைத்தோம். மேலே சிமென்ட் ஷீட். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நிற்கவே முடியாது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு பிடித்த மழை 4-ம் தேதி முழுக்க விடவில்லை. கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பித் தெருவுக்குள் வந்தது. கீழ் போர்ஷனில் குடியிருந்தவர்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள், அது செய்ய வேண்டியதுதான். எங்கள் இன்வெர்ட்டரில் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரி. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட் ஹவர். இன்வெர்ட்டரில் வீணாவது, பேட்டரியின் வயது எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஆயிரத்துச் சொச்சம்தான். கான்சன்ட்ரேட்டர் 350 வாட் இழுக்கும். ஆக மூன்று மணி நேரம். இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மிஷினுக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், "இன்வெர்ட்டர் இருக்கே" என்ற நம்பிக்கை எவ்வளவு நேரத்துக்கு என்பது அப்போதுதான் தெரியும். அதுவரை எனக்குப் பயமில்லை. மேலே ஜெனரேட்டர் இருக்கிறது என்ற தைரியம். போய்க் கயிற்றை இழுத்தேன். சோக் போட்டு இழுத்தேன், எடுத்துவிட்டு இழுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் டூவீலர் மெக்கானிக் தம்பி, இடுப்புத் தண்ணீரில் டூல்ஸ் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்ததுமே, "அக்கா, இது பெட்ரோலே இல்ல, செத்துப்போச்சு" என்றார். நல்ல பெட்ரோல் வாடை மூக்கில் சுரீரென்று ஏறும். இதில் பழைய பெயின்ட் வாடை வந்தது, நிறமும் பழுப்பேறியிருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றினார். அடிக் கிண்ணத்தில் பிசுபிசுவென்று பசை, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. முடி நுழையும் அளவே துளை உள்ள ஜெட் முழுக்க அடைத்துப்போயிருந்தது. சரி, கேனில் இருக்கிறதே என்று எடுத்தால் அது வெயிலில் உப்பி, மூடி தளர்ந்து, அதிலும் அதே வாடை.

பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதில் லேசாக ஆவியாகும் பகுதிகள்தான் இன்ஜின் சட்டென்று பற்ற உதவுகின்றன. அவை முதலில் பறந்துவிடும். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறி ஜெட்டை அடைக்கும். இதோடு எத்தனால், அதாவது பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால் விஷயம் ஒன்று இருக்கிறது. 2022 ஜூனிலேயே நாடு முழுக்கச் சராசரியாக 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலை ஒட்டிய வட சென்னையின் புழுக்கத்தில் மூடி தளர்ந்த கேன் என்றால் கேட்கவே வேண்டாம். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், இன்ஜினுக்குள் முதலில் போவது அந்த அடிப்பகுதிதான். அதனால் இறுக்கமான மூடி உள்ள கேனில், நிழலில் வைத்தாலும் பெட்ரோலுக்கு மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் மாதங்களில் இன்னும் குறைவு. கெட்டதோடு புதியதைக் கலந்து சரிக்கட்ட முடியாது. கெடாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கிடைக்கிறது, ஆனால் அதைப் புதுப் பெட்ரோலில் ஊற்றினால்தான் பலன். ஜெனரேட்டரை நிறுத்தும்போது சுவிட்சை அணைக்காமல் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஓடாது என்று தெரிந்தால் டேங்கையும் காலி செய்து, அடிக் கிண்ணத்தின் ஸ்குரூவைத் தளர்த்தி மிச்சச் சொட்டையும் வடித்துவிட வேண்டும். "எப்பவும் ஃபுல்லா வச்சிக்கோங்க" என்று அவர் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

தம்பி கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, புதுப் பெட்ரோல் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு அக்காவை அத்தைக்குத் துணைக்கு வைத்துவிட்டு நான் கிளம்பினேன். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைப் பக்கம் சில பங்க்குகளில் கரண்ட் இல்லை, சிலவற்றில் தரையடி டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று மூடி வைத்திருந்தார்கள். திறந்திருந்த ஒன்றில் வரிசையில் நின்று என் முறை வந்தபோது, பிளாஸ்டிக் கேனில் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அழுதேன். நிலைமையைச் சொல்லிக் கெஞ்சினேன். "சட்டம்மா, இரும்பு கேன் இருந்தா கொண்டாங்க" என்றார் அந்த ஊழியர். அந்தத் தண்ணீரில் இரும்பு கேனுக்கு நான் எங்கே போவேன்? ஆனால் அவர் சொன்னது சரி. 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் உலோகக் கேனில், இறுக்கி மூடி வைக்க வேண்டும், ஒரு கேன் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது. டீசலுக்கு வரம்பு மிகப் பெரியது, 2,500 லிட்டர். அபார்ட்மென்ட்களில் டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது போதும், டீசல் பெட்ரோலைவிட அதிக மாதம் தாங்கவும் செய்யும். ஆனால் அடியில் தண்ணீர் தங்கினால் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரும்பு கேனை மழைக்கு முன்பே வாங்கி வைப்பதுதான் முதல் வேலை. 5 லிட்டர் கேன் இரண்டு இருப்பது 10 லிட்டர் கேன் ஒன்று இருப்பதைவிட நல்லது, தூக்கிச் சாய்த்து ஊற்ற ஒரு பெண்ணால் முடிய வேண்டும் அல்லவா. நிரப்பும்போது ஸ்கூட்டர் ஃபுட்போர்டில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி, பம்ப் நாசில் கேனின் வாயைத் தொட்டபடி நிரப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் நிலைமின்சாரப் பொறி பறக்கலாம். கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், சூட்டில் பெட்ரோல் விரியும். பெட்ரோலில் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் கேட்டு ஒரு சொட்டு விட்டு, கறை விடாமல் காய்கிறதா என்று பார்க்கலாம், டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட்டை அளவுகோலில் தடவிக் காட்டச் சொல்லலாம். மழைக்குப் பிறகு இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது எதிர் வீட்டு அண்ணன்தான் முதலில் உதவினார். மாடி ரேம்ப்பில் ஏற்றி நிறுத்தியிருந்த பழைய பைக்கிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் வடித்துக் கொடுத்தார். கார்புரேட்டர் உள்ள பழைய பைக்குகளில் டேப்பில் மாட்டிய டியூபைக் கழற்றினால் பெட்ரோல் வந்துவிடும். இப்போது வரும் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் அந்த டேப்பே கிடையாது, அவசரத்துக்கு ஸ்கூட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி இருக்க முடியாது. ஜெனரேட்டர் ஓடியது. அத்தை மூக்கில் டியூபை வைத்ததும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

ஆனால் மழை சாரலடிக்கிறதே என்று ஜெனரேட்டரைப் படிக்கட்டு அறைக்குள்ளேயே கதவைத் திறந்து வைத்து ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் புகை படி வழியாகக் கீழே இறங்கி எனக்குத் தலை கனக்க ஆரம்பித்தது. தம்பிதான் பதறிப்போய், வெளியே துணி காயப்போடும் தகரக் கூரைக்குக் கீழே இழுத்து வைத்தார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்கிக்கொண்டிருப்பவர் அப்படியே போய்விடுவார். கதவு திறந்திருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது என்பதெல்லாம் போதாது. ஜெனரேட்டர் திறந்த வெளியில் இருக்க வேண்டும், புகைக்குழாய் உங்கள் ஜன்னலையும் பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது. பெட்ரோல் ஊற்றுவதும் அப்படித்தான். ஓடும்போது ஊற்றவே கூடாது. அணைத்துவிட்டுக் கால் மணி நேரமாவது ஆறவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஊற்றுங்கள். கரண்ட் போன வீடுகளில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும், அதுதான் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து படி இறங்கிக் கீழே எரியும் விளக்கைத் தேடிப் போகும்.

ராத்திரி பெட்ரோல் தீரும் நேரத்தில், தெருமுனையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் விற்கிறார் என்று சொன்னார்கள். அப்போது சென்னையில் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. அவர் 250 கேட்டார். மூன்று பாட்டில் வாங்கினேன். ஊற்றி ஓட்டியதும் ஜெனரேட்டர் இருமியது, விட்டு விட்டு ஓடியது, நின்றுவிட்டது. மிச்ச பாட்டிலை டார்ச் முன் அசையாமல் பிடித்துப் பார்த்தபோதுதான் அடியில் தனியாக ஒரு தண்ணீர்க் கோடு தெரிந்தது. மூழ்கிய வண்டியிலிருந்து எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. தெரியாத இடத்துப் பெட்ரோல் எதுவானாலும் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு தெரிந்தால் டேங்க் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அதன் பிறகு நடந்ததை எழுத எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆக்சிஜன் அளவு 88-க்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரலில் மாட்டிய மீட்டரில் 85 வந்தது, 82 வந்தது, விடியற்காலையில் 79. அத்தை கட்டிலில் உட்கார்ந்து முன்னால் குனிந்து மூச்சுக்குப் போராடினார். "நீ படும்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று அந்த நிலையிலும் என்னிடம் சொன்னார். கணவருக்குப் போன் போகவில்லை, டவரும் இல்லை. தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வர முடியாது. மெக்கானிக் தம்பியும் எதிர் வீட்டு அண்ணனும் மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்து, பாயைச் சுருட்டித் தலைக்கு அண்டைகொடுத்து, மெயின் ரோடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்து ஆட்டோ. ஆஸ்பத்திரி பில் மட்டும் 71,000 ரூபாய். புது கார்புரேட்டர் 2,800. அத்தை வீடு திரும்பினார், ஆனால் முன்பு தானாக பாத்ரூம் வரை நடந்தவருக்கு இப்போது கை பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் ஜெனரேட்டர் பாதி லோடுக்கு மணிக்கு அரை லிட்டர் அளவு குடிக்கிறது. நாள் முழுக்க ஓடினால் 12 லிட்டர். அவ்வளவு பெட்ரோலைக் குடியிருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை, ஆகவே 10 லிட்டரை வைத்து நேரத்தை நீட்டுகிறேன். ஜெனரேட்டர் ஓடும்போது கான்சன்ட்ரேட்டர் நேராக அதில், கூடவே இன்வெர்ட்டர் பேட்டரியும் சார்ஜ் ஆகும், ஜெனரேட்டரை அணைத்த பிறகு மிஷின் அந்தப் பேட்டரியில் ஓடும். 350 வாட்டும் சார்ஜிங்குக்கு 250 வாட்டும் சேர்த்து 600, எங்கள் ஜெனரேட்டர் தாங்கும். ஃபிரிட்ஜ், மோட்டார் எதுவும் கிடையாது. சில இன்வெர்ட்டர்கள் யுபிஎஸ் மோடில் இருந்தால் சின்ன ஜெனரேட்டர் கரண்டை ஏற்றுக்கொள்ளாது, பின்பக்க சுவிட்சைச் சாதாரண மோடுக்கு மாற்ற வேண்டும். இதை வெயில் காலத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக் பாயின்ட்டில் சொருகிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அந்தக் கரண்ட் தெரு லைனுக்குத் திரும்பிப் போகும், வெளியே கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் அதில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தெரு லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

கேன்கள் இப்போது படிக்கட்டு அறையில் இல்லை. பால்கனி மூலையில், வெயில் படாத, காற்று வந்துபோகும் இடத்தில், தரையிலிருந்து உயர்த்திய இரும்பு ஸ்டாண்டில் இருக்கின்றன. கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் இரண்டும் வீட்டின் எதிர்ப் பக்கம். ஆக்சிஜன் ஓடும் அறைக்கும் அதற்கும் நடுவே சுவர் இருக்கிறது, அந்த அறையில் பெட்ரோல் கைபட்ட துணியைக்கூட வைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக்காக நாம் பெட்ரோல் வாங்கும் அக்டோபர், நவம்பரில்தான் தீபாவளி வருகிறது. மொட்டைமாடியில் கேன் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துப் பாருங்கள், எங்கிருந்தோ விட்ட ராக்கெட் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. நான் தீபாவளி முடிந்த பிறகுதான் இரண்டாவது கேனை நிரப்புகிறேன். ஒவ்வொரு கேனிலும் வாங்கிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். மாதம் பிறந்தால் பழைய கேன் ஸ்கூட்டருக்குப் போகும், கேன் பங்க்குக்குப் போகும். பெட்ரோல் வீணாவதில்லை, எப்போதும் புதியதாக இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் இரண்டு கேனும் காலி. மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை லோடோடு இருபது நிமிடம் ஓட்டி, இன்ஜின் ஆயிலையும் பார்த்துவிடுகிறேன்.

ஆக்சிஜனுக்காக ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, ரெகுலேட்டரோடு, மழைக்காலம் முழுக்க வீட்டில் நிற்கட்டும். 1,500 லிட்டர் கொள்ளும், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் புயல் எச்சரிக்கை வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

கெட்டுப்போன பெட்ரோலை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். கால்வாயிலும் மழைநீர் வடிகாலிலும் ஊற்றாதீர்கள். அதே 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்து, காட்டுக்குப்பம் மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதைப் பார்த்தவர்கள் நாம். எங்கள் தெரு மெக்கானிக் தம்பி அந்தப் பெட்ரோலை வாங்கி, வண்டிப் பாகங்களைக் கழுவப் பயன்படுத்திக்கொள்கிறார். உங்கள் பக்கத்து மெக்கானிக்கிடமும் கேட்டுப் பாருங்கள்.